வாசர் வாங்கப் போனவன்

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு அந்த ஆங்கிலத் தாள் தவபாலனின் மேசைக்கு வந்து சேர்ந்தது. நாலு மணிக்குள் தமிழாக்கிக் கொடுத்துவிட வேண்டும், ஐந்தே முக்கால் வானொலிச் செய்திக்குப் போக வேண்டியது. போரைப் பற்றி அரசாங்கம் எதைச் சொன்னாலும் அதைத் தமிழில் சொல்வதுதான் இந்தக் கொழும்புக் கந்தோரில் ஒன்பது வருஷமாக அவனுடைய வேலை. சொன்னது உண்மையா என்று பார்ப்பது வேறு யாருடைய வேலையாகவோ இருக்க வேண்டும். யாருடையது என்று அவன் விசாரித்ததில்லை. அவன் மொழிபெயர்த்த சாவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வன்னிக் காட்டில் இன்றைக்குக் குரங்குகூட மிச்சம் இருக்கக்கூடாது. அதனால் வழக்கம்போல முதல் வரியை வாசிக்கும்போதே பேனா மூடியைக் கழற்றிவிட்டான். திங்கட்கிழமை பஸ் நிலையத்தில் ஒன்பது பேரைப் பலிகொண்ட குண்டை வைத்ததாகச் சந்தேகிக்கப்படும் பயங்கரவாதி இன்று காலை வெள்ளவத்தையில் கைது. சரி. ஞாயிறு இரவு காட்டிலிருந்து லொறியில் வந்து தலைநகருக்குள் ஊடுருவியவர். சரி. எந்தப் பொலிஸ் நிலையத்திலும் பதியாமல் மறைந்திருந்தவர். அடுத்த குண்டுக்கான உலோகக் குழாய்ப் பாகங்களுடன் பிடிபட்டார். பெயர் கந்தையா குகதாசன், வயது முப்பத்தெட்டு. அந்த இடத்தில் தவபாலனின் பேனா நின்றது. பயம் வந்ததென்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம்தான் வந்தது. தன் வீட்டுக் குசினிக்குள் இனி அவன் நிற்கமாட்டான் என்ற சந்தோஷம். அது ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை, ஆனாலும் வந்தது வந்ததுதான், அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

குகதாசன் அவனுடைய மனைவி ரஞ்சியின் மாமன் மகன். கட்டுகிற முறை. சாதகம் பொருந்தியிருந்தால் கட்டியுமிருப்பான். பொருந்தவில்லை, தவபாலனுடைய சாதகம் பொருந்தியது, இதற்காக எட்டு வருஷமாக அவன் அந்தச் சாத்திரியாருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டும் அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டும் இருந்தான். வவுனியாவில் தண்ணீர்ப் பம்புகள் திருத்துகிறவன், கட்டார் வேலைக்கு ஏஜென்சியில் நேர்முகம் இருக்கிறது, கொஞ்ச நாள் நிற்கட்டும் என்று ரஞ்சி கேட்டபோது, நிற்கட்டுமே, அதற்கென்ன என்று சொன்னவனும் தவபாலன்தான். போன சனிக்கு முதல் சனி காலை ரயிலில் வந்து இறங்கினான். வந்த அன்றே மின்விசிறியின் கடகடச் சத்தத்தை நிறுத்தினான். இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் கீழே படுத்தவர்கள் அன்றைக்கு அமைதியில் நித்திரை வராமல் புரண்டார்கள், ரஞ்சி இருட்டுக்குள் சிரித்தாள். எதுக்குச் சிரிக்கிறீர் என்று கேட்டான். ஒண்டுமில்லை என்றாள். ஒன்றுமில்லாததற்கு எட்டு வருஷத்தில் அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. குகதாசன் அவனை அண்ணை என்று கூப்பிட்டான், மச்சாளின் புருஷன் அண்ணன்தானே, முறை பிசகாத ஆள். ஆனால் ரஞ்சிக்கும் குகதாசனுக்கும் நடுவில் ஓடுகிற பேச்சு முழுக்க நீ, வா, போடா, சும்மா இரடி. அவள் தவபாலனிடம் இஞ்சாருங்கோ, வாங்கோ, சாப்பிடுங்கோ. அவனும் அவளிடம் வாரும், இரும். அந்த மரியாதை இத்தனை வருஷமாக அவனுக்குப் பெருமையாக இருந்தது. குகதாசன் வந்த மூன்றாம் நாள் அது கதவடைத்து வெளியே நிறுத்தி வைப்பது என்று தெரிந்தது. புட்டுக்குச் சொதி வைத்தால் குகதாசனுக்குத் தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட வேண்டும் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. தவபாலனுக்கு என்ன கூட வேண்டும் என்று அவளிடம் கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். இப்படியான சின்ன விஷயங்களைப் பொறுக்கிப் பொறுக்கி வைத்துக்கொண்டு ஒரு மனுசன் பதினொரு நாள் எரிய முடியுமா என்றால் முடியும், தவபாலன் எரிந்தான்.

பேனா தாளில் ஊன்றியபடியே நிற்கிறது. ஞாயிறு இரவு ஊடுருவியவர். ஞாயிறு இரவு குகதாசன் வெறும் மேலோடு விறாந்தையில் கிடந்து பழைய பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், ஐந்தாவது வரிசையில் மாட்டுப்பட்டு அண்ணை, உது என்னவா இருக்கும் என்று கேட்டான், தவபாலனுக்கு விடை தெரியும், தெரியாது என்று சொன்னான். சந்தேகமே இல்லை, ஞாயிறுதான். சனி என்ன, வெள்ளி என்ன, எந்த மணிக்கு எங்கே நின்றான், எந்தக் கதைக்கு யார் சிரித்தார்கள், எல்லாம் தவபாலனிடம் இருக்கிறது. இந்த நாட்டின் உளவுப் படை முழுவதும் சேர்ந்து குகதாசனை அப்படிக் கவனித்திருக்காது. திங்கட்கிழமை? திங்கட்கிழமை தலையிடி என்று சொல்லி மூன்றரைக்கே கந்தோரை விட்டு இறங்கினான். தலையிடி இல்லை. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, தன் வீட்டுக் கதவுக்கு வெளியே, தன் வீட்டுக்கே கள்ளனாக, அரைமணித்தியாலம் நின்றான். உள்ளே தேங்காய் திருவுகிற சத்தம். ரஞ்சி சொல்கிறாள், உனக்குத் திருவத் தெரியேல்லை, கறுப்பெல்லாம் சேத்துத் திருவுறாய். குகதாசன் சொல்கிறான், பம்புக்காரனைப் பிடிச்சுத் தேங்காய் திருவ விட்டா அப்பிடித்தான். அவள் சிரிக்கிறாள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை, ஏதாவது இருந்திருந்தால் நல்லது என்றுகூட அவனுக்குத் தோன்றியது, இருந்திருந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம், வெறும் சிரிப்புக்கு எப்படித் தள்ளுவது. அப்போதுதான் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. படிக்கட்டுக் கண்ணாடி அதிர்ந்தது. திருவலைச் சத்தம் நின்றது. ஐயோ எங்கையோ வெடிச்சிட்டுது, இவர் வாற நேரமெல்லோ என்று ரஞ்சி சொன்னாள், சொன்னதை அவன் கேட்டான், கேட்டும் அது மனதில் ஒட்டவில்லை; அந்த நேரத்தில் குகதாசன் அவள் கையைப் பிடித்தானா இல்லையா என்பதுதான் அவனுக்கு முக்கியமாக இருந்தது. ஐந்து இருபது. ஒன்பது பேர் செத்த நிமிஷத்தில் குண்டை வைத்தவன் என்கிற ஆள் கையில் பாதித் தேங்காயோடு இருந்தான். உலகத்தில் இதைச் சொல்லக்கூடிய சாட்சி இரண்டு பேர். ஒருத்தி அவனோடு உள்ளே இருந்தவள், அவள் சொன்னால் எடுபடாது. மற்றவன் வெளியே செருப்போடு நின்றவன்.

பதினொரு மணிக்கு ரஞ்சி ரெலிபோன் எடுத்திருந்தாள். "இஞ்சாருங்கோ, குகன் இன்னும் வரேல்லை. வாசர் வாங்கியாறன் எண்டு எட்டரைக்குப் போனவன்." நேற்றுப் பின்னேரம் குசினிப் பைப் ஒழுகுகிறதென்று குகதாசன் அதன் பித்தளைத் தலையைக் கழற்றிவிட்டான். அளவு பார்த்து உள்ளே போடுகிற ரப்பர் வாசர் வாங்க வேண்டும், இன்று காலை அந்தத் தலையையும் ஒரு ஸ்பானரையும் லேஞ்சித் துணியில் சுற்றிக்கொண்டு போனான். உலோகக் குழாய்ப் பாகங்கள். தவபாலனின் குசினிப் பைப்தான் இப்போது தலைநகரை அழிக்கப் பார்க்கிறது. "கடையிலை சனமாக்கும், வருவான்" என்று சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தான். அவளுடைய குரல் நடுங்கியது. போன வருஷம் அவனுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தக் குரல் நடுங்கியதா என்று அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் யோசித்தான். நடுங்கியிருக்கலாம், அவனுக்குக் காய்ச்சலில் நினைவில்லை, நினைவில்லாததை அவள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள அவன் தயாராக இல்லை.

எந்தப் பொலிஸ் நிலையத்திலும் பதியாமல். அந்த வரிக்குத்தான் அவன் இவ்வளவு நேரமாக வராமல் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த நாட்களில் கொழும்பில் தமிழ் வீடொன்றில் ஒரு ஆள் வந்து தங்கினால் வீட்டுக்காரன் படிவம் நிரப்பிப் பொலிஸில் கொடுக்க வேண்டும்; அவர்கள் முத்திரை குத்தி ஒரு துண்டு தருவார்கள்; அந்தத் துண்டு சட்டைப் பையில் இல்லாமல் தெருவில் இறங்கினால் எந்தச் சாவடியிலும் நிறுத்தி ஏற்றலாம். வவுனியாவில் கொடுத்த பயணப் பாஸ் குகதாசனிடம் இருந்தது, வந்த திகதி அதில் இருக்கிறது, அது இப்போது அவர்களின் கையில், அறிக்கையில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. வந்த மறுநாளே தவபாலன் படிவத்தை அழகான கையெழுத்தில் நிரப்பினான். பெயர், வயது, வந்த காரணம், வீட்டுக்காரருக்கு என்ன உறவு. அந்த உறவுக் கட்டத்தில் மனைவியின் மச்சான் என்று எழுதினான். எழுதியதைப் பார்த்தான். மனைவியின் மச்சான். அதைக் கொண்டுபோய் ஒரு பொலிஸ்காரனிடம் கொடுக்க, அவன் அதை வாசித்துவிட்டுத் தன்னை நிமிர்ந்து பார்க்க, வேண்டாம் என்றிருந்தது. அந்த முதல் வாரத் திங்கட்கிழமை காலை பையில் போட்டுக்கொண்டு வந்தவன் பொலிஸில் இறங்கவில்லை, பஸ்ஸில் இருந்தபடியே தாண்டிவிட்டான். இதே மேசையில், இதே பெரிய அகராதிக்குள் செருகினான். குகதாசன் கேட்டான், அண்ணை பதிஞ்சிட்டீங்களோ. "ஓம், குடுத்தாச்சு. துண்டு பிறகு தருவினம்." வியாழக்கிழமையும் கேட்டான், அதே பதில். அவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தானா? இல்லவே இல்லை, சத்தியமாக இல்லை. துண்டு இல்லாமல் பயந்து இரண்டு நாளில் வவுனியாவுக்கு ரயில் ஏறிவிடுவான் என்றுதான் நினைத்தான். அவ்வளவுதான். ஒரு ஆளை வீட்டை விட்டு அனுப்ப வழியில்லாத கோழை செய்கிற வேலை. பயந்து போகிற ஆள் அவன் இல்லை, அண்ணை குடுத்தாச்சு என்று சொன்னால் குடுத்தாச்சுதான் என்று நம்புகிற ஆள். அந்த நம்பிக்கையில்தான் எட்டரைக்கு லேஞ்சிப் பொட்டலத்தோடு தெருவில் இறங்கினான்.

தேநீர் கொண்டுவந்த சோமாவதி கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். திங்கட்கிழமை செத்த ஒன்பது பேரில் ஒரு பிள்ளை அவளுடைய தங்கை மகள். பெட்டியைத் திறக்காமலே புதைத்தார்களாம். நேற்று லீவு போட்டுவிட்டு இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். "மாத்தயா, பிடிச்சாச்சாமே அவனை?" என்று சிங்களம் கலந்த தன் கொச்சைத் தமிழில் கேட்டாள். அவளுக்கு ஒரு பதில் வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பதில் வேண்டும், உண்மையாக வைத்தவன் எங்கேயோ தேநீர் குடித்துக்கொண்டிருப்பான், நாளைக்கும் வைப்பான், அவனைத் தேட இனி யாருக்கும் அவசரமில்லை. "ஓம், பிடிச்சிட்டினம்" என்றான் தவபாலன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அவனுக்குச் சுட்டது. இப்போது எழுந்து அதிகாரி விக்கிரமரத்னவின் அறைக்குப் போய், சேர், இது பிழை, இந்த ஆள் என்னுடைய வீட்டில் இருந்தவர் என்று சொன்னால் என்ன நடக்கும்? உன்னுடைய வீட்டிலா, பதிந்தாயா? இல்லை சேர். ஏன் பதியவில்லை? என்ன சொல்வான், என்னுடைய மனைவி சிரித்தாள் சேர் என்றா சொல்வான்? கதவுக்கு வெளியே செருப்போடு நின்ற சாட்சியை எந்த நீதவான் ஏற்பான்? உள்ளே தூக்கிப் போடுவார்கள், ரஞ்சி தனித்துப் போவாள். அவளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது, அது வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே அருவருத்தது. பிறகு எழுதத் தொடங்கினான். எழுதத் தொடங்கினால் கை தானாக ஓடும், அதுதான் அவனுடைய கெட்டித்தனம். ஊடுருவிய என்ற சொல்லை எழுதும்போது ஒரு ருசி இருந்ததை மறைக்க முடியாது. ஊடுருவினான்தானே, குசினிக்குள், சொதிக்குள், அந்தச் சிரிப்புக்குள். ஆங்கிலத்தில் முதல் வரியில் மட்டும் சந்தேகிக்கப்படும் என்று ஒரு சொல் இருந்தது. வானொலிக்காரர்கள் நீளமான சொல்லை விரும்புவதில்லை, எத்தனையோ தரம் விட்டிருக்கிறான், இன்றைக்கும் விட்டான். கடைசி வரி: இவருக்கு இடமளித்தவர்கள் தேடப்படுகின்றனர். அதையும் எழுதினான், பிழையில்லாத தமிழில், ஒரு புள்ளிகூட விடாமல். மூன்று ஐம்பதுக்குத் தட்டெழுத்துக்குக் கொடுத்தான். விக்கிரமரத்ன வாசலில் தலையை நீட்டி, இன்றைக்கும் நேரத்துக்கு முதலே என்று ஆங்கிலத்தில் மெச்சிவிட்டுப் போனார்.

நாலு இருபதுக்கு ரெலிபோன் அடித்தது. "நான் பொலிசுக்கு முன்னாலை இருக்கிற கொமினிகேசன் கடையிலை இருந்து கதைக்கிறன்" என்றாள் ரஞ்சி. குரல் நடுங்கவில்லை. "குகனை உள்ளுக்கை வைச்சிருக்கிறாங்கள். கண்டனான், கதைக்க விடேல்லை. முகமெல்லாம் வீங்கிப்போய்க் கிடக்கு."

"நீர் ஏன் அங்கை போனனீர்?"

"போகாமல்? அவங்கள் புத்தகத்தைப் பிரட்டிப் பாத்திட்டு, அப்பிடி ஒரு பதிவும் இல்லை எண்டுறாங்கள். நான் விடேல்லை. என்ரை மனுசன் கவுண்மேந்திலை வேலை செய்யிறவர், தன்ரை கையாலை கொண்டுவந்து தந்தவர், அவர் ஒருநாளும் பொய் சொல்லமாட்டார், உங்கடை புத்தகத்தைத்தான் வடிவாப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

தவபாலன் மேசையிலிருந்த அகராதியைக் கிட்ட இழுத்தான்.

"எழுதித் தரச் சொன்னாங்கள். எங்கடை வீட்டிலைதான் பதினொரு நாளா நிண்டவன் எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சுக் குடுத்திட்டன். துண்டு இதுக்குள்ளை உங்களிட்டைத் தந்திருப்பினம்தானே, அது வந்தாக் காணும், ரெண்டு பேரையும் விட்டிடுவினம். கெதியா வாங்கோ."

"ரெண்டு பேரையுமோ?"

"என்னையும் போக விடுறாங்கள் இல்லை. ரெலிபோன் எடுக்க மட்டும் ஒருத்தனைக் காவலுக்கு விட்டு அனுப்பினவங்கள்" என்றாள், ஏதோ கடையில் மிச்சம் வாங்கக் காத்திருப்பதுபோல.

அவர் ஒருநாளும் பொய் சொல்லமாட்டார். எட்டு வருஷமாக அவன் எதற்காக அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கினானோ அது இந்த மாதிரி ஒரு வார்த்தைதான், அது இன்றைக்கு ஒரு இன்ஸ்பெக்டருக்கு முன்னால் கையெழுத்தோடு வந்திருக்கிறது. குகதாசனைக் காப்பாற்ற அவள் எடுத்துப் போட்ட ஒரே பலம் புருஷனுடைய சொல். சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது, எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அகராதியைத் திறந்தான். படிவம் வைத்த இடத்திலேயே இருந்தது, மடிப்புக் கலையாமல். தட்டெழுத்து அறைக்கு ஓடினான். போயிட்டுது, அப்போதே அனுப்பியாச்சு என்றாள் அந்தப் பெண். விக்கிரமரத்னவின் அறைக் கதவு திறந்திருந்தது, அதைத் தாண்டிப் படியில் இறங்கினான், யாரிடமும் சொல்லவில்லை. காலி வீதியில் பஸ் ஊர்ந்தது. இரண்டு சாவடியில் எல்லோரும் இறங்கி ஏறினார்கள். அடையாள அட்டையை நீட்டும்போது படிவம் கூடவே வந்தது, ஆமிக்காரப் பொடியன் அதைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தான். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும், நான்தான் தரவில்லை, பதினொரு நாள் நின்றவன், வெடித்தபோது நான் கதவடியில் நின்றேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது. சொன்னால் உள்ளே போவது அவன். சொல்லாவிட்டால் அவள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் மனது எங்கே போய் நின்றதென்றால், உள்ளே போனதும் அவள் முதலில் யாரைப் பார்ப்பாள், தன்னையா, வீங்கிய முகத்தோடு இருக்கிற அவனையா என்பதில் போய் நின்றது. மனுசனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த இடத்தில் செத்திருக்க வேண்டும். தவபாலன் சாகவில்லை, வெள்ளவத்தையில் இறங்கி நடந்தான்.

பொலிஸுக்கு முதல் சந்தியில் ஒரு தேத்தண்ணிக்கடையில் றேடியோ பாடிக்கொண்டிருந்தது, பாட்டு நின்று செய்தி தொடங்கியது. குசினிப் பைப்பின் தலை உலோகக் குழாய்ப் பாகங்களாக, குறுக்கெழுத்துப் போட்ட ஞாயிறு இரவு லொறியில் ஊடுருவிய இரவாக, அவனுடைய வசனங்கள் ஒவ்வொன்றாக, நல்ல கம்பீரமான பெண் குரலில். இவருக்கு இடமளித்தவர்கள் தேடப்படுகின்றனர். வடை தின்றுகொண்டிருந்த கிழவர் ஒருத்தர், "உவங்கள் சொல்லுறதெல்லாம் ஆர் நம்புறது" என்று தனக்குள் சொன்னார். பக்கத்திலிருந்தவர், "தமிழ் மட்டும் நல்ல தமிழ்" என்றார். தவபாலன் நிற்காமல் நடந்தான்.

மண்மூட்டைகளைச் சுற்றி, பெயர் சொல்லி, பை திறந்து காட்டி உள்ளே போனான். நீளமான மர வாங்கின் ஓரத்தில் ரஞ்சி இருந்தாள், மடியில் குகதாசனின் லேஞ்சி. அவனைக் கண்டதும் எழும்பி ஓடி வந்தாள். அவள் முதலில் பார்த்தது அவன் முகத்தை இல்லை. அவன் கையில் இருந்த தாளைத்தான். "கொண்டு வந்திட்டீங்களோ, எனக்குத் தெரியும்" என்று அதை வாங்கி, மேசைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பி, "பாருங்கோ சேர், நான் சொன்னன்தானே" என்றாள். பிறகு கொடுப்பதற்கு முன் தான் ஒருமுறை பார்த்தாள். புருஷனுடைய அழகான கையெழுத்து. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். வெளிச்சத்துக்குத் தூக்கியும் பார்த்தாள். முத்திரையைத் தேடினாள். தேடி முடிக்க நேரம் எடுத்தது. பிறகு தலை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். பதினொரு நாளில் முதல் தடவையாக அவள் வேறு யாரையும் நினைக்காமல் அவனை மட்டும் பார்த்தாள்.